சும்மா இருக்காத கை

யாஹ்யாவிடம் ஒரு டீ கிளாஸைக் கொடுத்தால், குடித்து முடிப்பதற்குள் அதை மேசையில் நாலு இடம் மாற்றி வைத்துவிடுவான். என் கடைக்கு வந்தால் ஆணியில் தொங்கும் பாக்கெட்டுகளை வரிசை மாற்றாமல் போக மாட்டான். பேசிக்கொண்டே இருப்பான், கை மட்டும் உட்கார்ந்திருக்கும் இரும்பு ஸ்டூலின் அடியில் போய் நட்டைத் தடவும். "லூசா இருக்குக்கா" என்பான். லூசாக இருக்காது. ஆனாலும் எழுந்து போய் ஸ்பானரைக் கொண்டுவந்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் மறுபடி உட்காருவான். அப்படி இழுத்து இழுத்தே என் கடை ஸ்டூல் ஒன்றின் காலை உடைத்த புண்ணியவான் அவன்.

என் பெயர் அன்புச்செல்வி. திண்டிவனத்தில் மயிலம் போகும் ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். யாஹ்யாவின் மெக்கானிக் ஷெட் அடுத்த வாசல். நடுவே ஒரு தகரம்தான் சுவர். அவன் தும்மினால் எனக்குக் கேட்கும். நான் யாரையாவது திட்டினால் அவனுக்குக் கேட்கும். இரண்டாவதுதான் அதிகமாக நடக்கும்.

அவனுக்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம். மீசை அரும்பிய வயதில் சார்ஜாவுக்குப் போய், பாலைவனத்தில் ஓடும் லாரிகளுக்கு வேலை பார்க்கும் ஒரு கேரேஜில் சேர்ந்திருக்கிறான். ரோடே இல்லாத இடத்தில் ஓடும் வண்டிகள். அந்தக் குலுக்கலுக்கு எந்த நட்டும் நிற்காதாம். முடுக்கிய நட்டை மறுபடி ஒரு தரம் முடுக்காதவனை அங்கே மெக்கானிக் என்றே சொல்ல மாட்டார்களாம். கற்றது அங்கே என்பதால் அந்தப் பழக்கம் கையோடு வந்துவிட்டது. பழக்கம் வந்தது, ஆள்தான் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சார்ஜாவிலிருந்து ஊருக்கு வந்தான், கல்யாணம் செய்தான், தமாம் போனான், திரும்பினான், விழுப்புரத்தில் ஷெட் போட்டான், ஒரு டெம்போவின் எஞ்சினைப் பிரித்துப் பாதியில் போட்டுவிட்டு மறுபடியும் தமாமுக்கு விமானம் ஏறினான். அந்த டெம்போக்காரர் வந்து கத்திய கத்தலையெல்லாம் வாங்கிக்கொண்டது அவன் மனைவி தஸ்லீமா. கைக்குழந்தையோடு வாசலில் நின்று வாங்கிக்கொண்டாள்.

அந்தக் குழந்தை பர்வீன் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். அதற்குள் மூன்று ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சீருடையைப் போட்டுவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அப்பன் கிளம்புவான், வீடு காலியாகும், தாயும் மகளும் கோட்டக்குப்பத்துக்குப் போய் யார் வீட்டிலாவது ஒண்டுவார்கள், அவன் திரும்பி வந்ததும் வேறு ஊரில் வேறு வீடு. அவர்கள் வீட்டுப் பரணில் நீல நிறத்தில் ஒரு பெரிய பெட்டி இருக்கிறது. கெட்டியான மூடி போட்ட, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் பெட்டி. அது முழுக்கக் காலியாக இருந்து பார்த்ததில்லை என்று தஸ்லீமா சொல்லியிருக்கிறாள். இரண்டு சட்டை, ஒரு துண்டு, பாஸ்போர்ட் எப்போதும் அதில்தான் கிடக்குமாம்.

திண்டிவனம் வந்து நான்கு வருடம் ஓடியிருந்தது. அவன் கணக்கில் அது ரொம்ப நாள். போன வருடம் மாசி வாக்கில் மஸ்கட்டிலிருந்து நிஜாமுதீன் போன் செய்ய ஆரம்பித்தான். யாஹ்யாவின் சின்ன வயதுக் கூட்டாளி, அங்கே சொந்தமாக கேரேஜ் வைத்திருப்பவன். வா, வா என்று கூப்பிட்டான். கையில் இருக்கும் ஒரு கார் வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று யாஹ்யா பதில் சொன்னது தகரத்தைத் தாண்டி எனக்கே கேட்டது. தஸ்லீமாவுக்குக் கேட்காமல் இருக்குமா?

அன்று மத்தியானம் அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் என் கடையில் நின்றாள். அவள் சத்தமாகப் பேசுகிறவள் இல்லை.

"இந்த வாட்டி நான் மூட்ட கட்டமாட்டேன் அக்கா. பர்வீன் இங்கதான் படிப்பா. போறதுன்னா அவரு போவட்டும். ஆனா போனா போனதுதான். திரும்பி வந்து இந்த வூட்டுக் கதவத் தட்டவேணாம்."

இதை அவனிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லிவிட்டேன் என்றாள். அவன் என்ன சொன்னான் என்றேன். சன்னல் கொக்கி லூசாக இருக்கிறது என்று ஸ்குரூ டிரைவர் தேடப் போய்விட்டானாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அப்போதே தகரத்தை எட்டி உதைத்திருப்பேன்.

அந்தக் கார் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். செஞ்சிப் பக்கத்து ஊர் ஒன்றில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருப்பவர் நேமிசந்திர நயினார். சமண மதத்துக்காரர், எறும்பைக் கூட மிதிக்காமல் சுற்றிப் போகிறவர். அவர் தகப்பனார் ஒரு காலத்தில் பாண்டிச்சேரியில் வாங்கிய கார் அது. வண்டு மாதிரி முதுகு உருண்ட பழைய ஜெர்மன் கார். மண்டியின் பின்கட்டில் வெகுகாலம் நின்றுவிட்டு, ஓடவிட்டுப் பார்த்தபோது கொதித்துப் புகைந்து நின்றதாம். டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். பார்த்தவுடன் யாஹ்யாவுக்குக் கண் பளபளத்தது. புதிதாக எதையாவது பிரிப்பதென்றால் அவனுக்குப் பெருநாள்தான்.

அந்தக் காருக்கு எஞ்சின் பின்னால். தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. ஒரு விசிறி காற்றை அடித்து எஞ்சினைக் குளிர வைக்கும். எஞ்சினின் உடம்பு இரும்பு இல்லை, மக்னீசியம் கலந்த, எடை குறைந்த ஒரு கலப்பு உலோகம். அந்த உடம்பில் பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு நீளமான ஸ்டட் போல்ட்டுகளைத் திருகி, அவற்றின் மேல்தான் சிலிண்டரையும் ஹெட்டையும் மாட்டி நட்டுப் போட்டு இறுக்குவார்கள். ஸ்டட் உருக்கு, அது பிடித்திருக்கும் இடம் மெத்து. சூடு அளவோடு இருக்கும்வரை ஒன்றுமில்லை. அதிகமானால் எஞ்சின் விரிந்து ஸ்டட்டை இழுக்கும், மெத்தான உலோகத்தில் வெட்டியிருக்கும் மரை, அதாவது திருகுச் சுற்று, பிய்ந்து வந்துவிடும். இவர் காரில் அப்படித்தான் ஐந்து இடத்தில் பிய்ந்திருந்தது.

சூடு ஏன் ஏறியது என்பதும் உடனே தெரிந்துவிட்டது. விசிறியை மூடியிருக்கும் தகரக் கூண்டைக் கழற்றிப் பார்த்தால், காற்று போகும் வழியில் உள்ளங்கை அகலத்துக்கு மண்ணால் அப்பிய குளவிக்கூடு. யாஹ்யா ஸ்குரூ டிரைவரை எடுத்து அதன் அடியில் வைத்தான். அதுவரை வாய் திறக்காமல் நின்ற நயினார் முன்னால் வந்தார்.

"பாய், அது மேல கை வைக்காதீங்க. மூடின அறையில குஞ்சு இருக்கும். தானா ஓட்டை போட்டுக்கினு வெளிய போவட்டும்."

அது எப்போது போகும் என்று யாஹ்யா கேட்டான். அதற்குத் தெரியும் என்றார் நயினார். வேடிக்கையாகச் சொல்லவில்லை. யாஹ்யா தகரத்தின் மேலாக என்னை எட்டிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். வேறு வழியில்லாமல் கூண்டை ஷெட்டின் பின்பக்கம் நிழலில் ஒரு கொக்கியில் மாட்டினான். மற்ற வேலை எல்லாம் முடியட்டும், கடைசியாக இதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

பிய்ந்த மரைக்கு வைத்தியம் இதுதான். ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, அதில் புதிதாகப் பெரிய மரை வெட்டி, உள்ளும் புறமும் மரை உள்ள ஒரு உருக்கு புஷ்ஷைப் பசை தடவித் திருகி உட்கார வைக்க வேண்டும். ஸ்டட் இனிமேல் அந்த புஷ்ஷில் நிற்கும். பட்டன் பிய்ந்த சட்டையில் அடியில் துணி வைத்துத் தைக்கிறோமே, அந்த மாதிரி. புஷ் கடைந்து கொடுத்தவர் விழுப்புரம் ஸ்டேஷன் பக்கம் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் இருதயராஜ். பதினாறு இடத்துக்கும் போட்டுவிடு, மீதிப் பதினொன்றுக்கும் அதே வயதுதான் ஆகிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். நன்றாக இருப்பதை எதற்கு நோண்ட வேண்டும் என்று யாஹ்யா ஐந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அவனுக்கு மஸ்கட் அவசரம்.

அந்த ஐந்தையும் அவன் செய்த வேகத்தைப் பார்க்க வேண்டும். துளைக்கும்போது விழும் சீவல் தீப்பிடிக்கும் என்று, பீடியோடு வந்த டீக்கடைக்காரரை வாசலிலேயே விரட்டினான். ஐந்து புஷ்ஷும் உட்கார்ந்தன, சிலிண்டர் ஏறியது, ஹெட் ஏறியது. நட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்கினான். அது அளவு வந்ததும் டக் என்று சத்தம் போட்டுச் சொல்லும் ரெஞ்ச். தகரத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதினாறு டக்கையும் நான் கேட்டேன். முடிந்தது, இனி விசிறிக் கூண்டை மாட்ட வேண்டியதுதான் பாக்கி என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்து டீ சொன்னான்.

குளவி கிளம்பவில்லை.

காலையில் வந்தவுடன் டார்ச் அடித்துக் கூட்டைப் பார்ப்பான். மத்தியானம் பார்ப்பான். சாயங்காலம் ஷட்டரை இறக்கியவன் மறுபடி தூக்கிவிட்டுப் போய்ப் பார்ப்பான். ஒரு விரலால் தட்டிவிட்டால் முடிந்துவிடும் வேலை, யாருக்கும் தெரியவும் தெரியாது என்று நான் ஒருநாள் சொல்லியும் பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான். நயினாரிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்த ஒரு விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது, கொடுத்த வேலையைத்தான் விட்டுவிட்டுப் போவான், வாக்கை மீற மாட்டான். இரண்டும் எப்படி ஒரே ஆளிடம் இருக்கிறது என்று எனக்கு விளங்கியதே இல்லை.

இப்படிக் கை சும்மா இருந்தால் அவனுக்கு ஆகாது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, காலையில் தகரத்துக்கு அந்தப் பக்கம் மறுபடியும் டக், டக் என்று கேட்டது. சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்க்கிறான் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாள் டக் சத்தம் இல்லை. ரெஞ்சை வைத்துவிட்டு நீளப் பிடி போட்ட சாதா ஸ்பானரை எடுத்திருக்கிறான். அது எதுவும் சொல்லாது, கைதான் சொல்ல வேண்டும். அவன் கைக்கு மட்டும் போதும் என்று சொல்லத் தெரியவே தெரியாது.

அன்று காலை நிஜாமுதீன் போன் வந்தது. விசா தயார், இந்த மாதத்துக்குள் வந்து சேர் என்றான் போலிருக்கிறது. யாஹ்யா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஆம், ஆம் என்று பேசிக்கொண்டே ஸ்பானரை இழுத்தான். ஒரு சத்தம் கேட்டது. துணி கிழிவதற்கும் கல் உராய்வதற்கும் நடுவில் ஒரு சத்தம். அப்புறம் பேச்சும் இல்லை, எதுவும் இல்லை. நான் எழுந்து போனேன். நட்டோடு ஸ்டட்டும் தளர்ந்து கையோடு வந்திருந்தது. அதன் நுனியில் எஞ்சின் உடம்பின் உலோகம் பளபளவென்று சுருளாகச் சுற்றிக்கொண்டிருந்தது. புஷ் போட்ட ஐந்தில் ஒன்று இல்லை அது. நன்றாக இருக்கிறது என்று நோண்டாமல் விட்ட பதினொன்றில் ஒன்று.

நான் வாய் திறப்பதற்குள் அவன் ஸ்டட்டை மேசை மேல் வைத்தான். பைக்கை எடுத்தான். ஷட்டரைக்கூட இறக்காமல் போய்விட்டான்.

மத்தியானம் தஸ்லீமா சாப்பாட்டோடு வந்தபோது ஷெட் திறந்தபடி கிடந்தது. அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேசை மேல் கிடந்ததை எடுத்துப் பார்த்தாள், சுருளை விரலால் தொட்டாள், வைத்துவிட்டாள். அப்புறம் சாப்பாட்டுக் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். போன் போட்டோம், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரலாம் என்றேன்.

"போவமாட்டேன் அக்கா. பெட்டி இல்லன்னா அத நான் பாக்கவேணாம். இருந்தாலும் இன்னிக்கு இருக்கு, நாளைக்கு?"

எனக்கு அவனைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. பழையபடி விழுப்புரம் டெம்போ கதைதான், இந்தத் தடவை டெம்போவுக்குப் பதில் நயினாரின் கார், வாசலில் நின்று வாங்கிக்கொள்ளப் போகிறவள் அதே தஸ்லீமா. கடைக்கு வந்தவர்களிடம் எரிந்து விழுந்தேன். ஒருவர் கிளச் கேபிள் கேட்டதற்கு பிரேக் கேபிளைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பாவம், அவர் வழியில் எங்கேயோ பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

வெயில் சாயும் நேரத்துக்கு பைக் சத்தம் கேட்டது. யாஹ்யா இறங்கினான். சட்டை முழுக்க ரோட்டுப் புழுதி. கையில் ஒரு காகிதப் பொட்டலம். இருதயராஜின் பட்டறையில் பகல் முழுக்க உட்கார்ந்து, பதினொரு புஷ்ஷும் கடையச் சொல்லி வாங்கி வந்திருந்தான். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பருமனாக இருந்தது, பிய்ந்த இடத்துக்கு. தஸ்லீமா மடியில் இருந்த கேரியரைப் பார்த்தான். அது இன்னும் திறக்கப்படவில்லை. அவளும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆறிப்போன சோற்றை அங்கேயே நின்றபடி சாப்பிட்டான். பாதியை அவளிடம் நகர்த்தினான்.

எங்கள் முன்னாலேயே நயினாருக்குப் போன் செய்தான். சுற்றி வளைக்கவில்லை. நல்லா இருந்த மரை ஒண்ணு என் கையாலதான் போச்சு என்றான்.

மறுநாள் நயினார் வந்தார். பிய்ந்து வந்த ஸ்டட்டை எடுத்து நுனியைத் தடவிப் பார்த்தார். அது நின்றது எஞ்சினின் விளிம்பில் இருக்கும் ஓட்டையில், அங்கே சுவர் மெல்லிசு. துளைக்கும்போது கொஞ்சம் சாய்ந்தாலும் விளிம்பு வெடித்துவிடும், அப்புறம் எஞ்சின் உடம்பே காயலான் கடைக்குத்தான், இன்னொன்று எங்கே போய்த் தேடுவது? இதையெல்லாம் யாஹ்யா மறைக்காமல் சொன்னான். நயினார் கேட்டுக்கொண்டார். பொழுது இறங்கினால் அவர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டில் குணமதியம்மா கட்டிக்கொடுத்த சப்பாத்தியைப் பிரித்துச் சாப்பிட்டார். மெதுவாகச் சாப்பிட்டார். யாஹ்யா அதுவரை நின்றான், உட்கார்ந்தான், எழுந்து போய்க் கூட்டைப் பார்த்தான், வந்தான். நயினார் கை கழுவிவிட்டுத்தான் பேசினார்.

"குளவி இன்னும் கிளம்பல பாய். அதுவரைக்கும் எனக்கு அவசரமே இல்ல. உங்களுக்கு இருக்குதா?"

தஸ்லீமா அங்கே நின்றுகொண்டிருந்தாள். யாஹ்யா அவளைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். நயினாருக்கு மஸ்கட் விஷயம் எதுவும் தெரியாது. தெரிந்து கேட்டிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

மறுபடி எல்லாவற்றையும் பிரித்தான். இந்தத் தடவை அவசரப்பட முடியாத வேலை. மரை வெட்டும் டேப்பை அரைச் சுற்று முன்னால் திருப்பி, கால் சுற்றுப் பின்னால் எடுத்து, வெளியே கழற்றி, சீவலைத் துடைத்து, மண்ணெண்ணெய் விட்டு, மறுபடி அரைச் சுற்று. பத்து ஓட்டையையும் அவனே ஒருவழியாக முடித்தான். நாள்கணக்கில் ஆயிற்று. நடுநடுவே எழுந்து ரோடு வரை போய்விட்டு வருவான், யாரும் கேட்காமலே என் கடை ஷட்டர் பூட்டில் எண்ணெய் விடுவான், கையைச் சொடுக்குவான். விளிம்பு ஓட்டையைக் கடைசிக்கு வைத்திருந்தான். அன்று காலையில் என் கடைக்கு வந்து, அக்கா கொஞ்சம் வாங்க என்றான்.

என் கையில் செங்கோணம் பார்க்கும் மூலமட்டத்தைக் கொடுத்தான். டேப் நேராக நிற்கிறதா, சாய்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது நான். டார்ச் பிடித்தது தஸ்லீமா. அரைச் சுற்று. நேராக இருக்கிறது என்றேன். கால் சுற்றுப் பின்னால். எடுத்தான், துடைத்தான், விட்டான். என் கால் மரத்துப்போயிற்று. வெளியே கடையில் யாரோ கூப்பிட்டார்கள், போகச் சொல்லிக் கத்தினேன். பாதி ஆழம் போனபோது டேப் முறுக்கிக்கொண்டு இறுகியது. அவன் தோள் ஏறுவதை நான் பார்த்தேன். அந்தத் தோள் ஏறினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும், இன்னொரு இழுப்பு வரும். தஸ்லீமா டார்ச்சை நகர்த்தாமல் மறுகையை அவன் மணிக்கட்டில் வைத்தாள்.

"மச்சான், கைய எடுங்க. மூச்சு விடுங்க. அப்பறமா வைங்க."

கையை எடுத்தான். நின்றான். நான் பார்த்த யாஹ்யா கையில் எதுவும் இல்லாமல் அவ்வளவு நேரம் நின்றதே கிடையாது. பிறகு டேப்பைப் பின்னால் திருப்பிக் கழற்றினான். அடியில் ஒரு சீவல் அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி வைத்தபோது சுலபமாக இறங்கியது. பருமனான புஷ்ஷைப் பசை தடவி உட்கார வைத்தான். விளிம்பு வெடிக்கவில்லை. தஸ்லீமா டார்ச்சை அணைத்தாள். எனக்கு அழுகை வந்தது, ஒரு எஞ்சின் ஓட்டைக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

பசை காய்ந்து, சிலிண்டரும் ஹெட்டும் மறுபடி ஏறி, பதினாறு டக்கும் கேட்ட பிறகு அவன் டார்க் ரெஞ்சை என்னிடம் நீட்டினான். ஸ்பானரையும் நீட்டினான். உங்கள் கடையில் வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள் என்றான். நான் மாட்டேன் என்றேன். பூட்டி வைத்தால் பூட்டை உடைப்பான் என்று எனக்குத் தெரியாதா? வேறு வழி பார் என்றேன். சார்ஜாவில் லாரிச் சக்கரத்து நட்டுகளில் பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்போம் என்றான். நட்டிலிருந்து சக்கரம் வரை ஒரே கோடு. நட்டு அசைந்தால் கோடு உடைந்து தெரிந்துவிடும். ஷெட்டில் இருந்த பெயின்ட்டெல்லாம் டப்பா டப்பாவாகக் காய்ந்து கிடந்தது. நான் என் கைப்பையிலிருந்து நகப்பூச்சுப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். ரத்தச் சிவப்பு.

நீயே போடேன் என்று தஸ்லீமாவிடம் நீட்டினான். அவள் பின்னால் நகர்ந்தாள். நகத்தில் பூச்சு இருந்தால் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்யும்போது தண்ணீர் நகத்தில் படாது, தொழுகை கூடாது என்று சின்ன வயதிலிருந்தே அந்த பாட்டிலைத் தொட்டதில்லையாம். நட்டுக்குத்தானே என்று நான் கேலி செய்தேன். நட்டுக்கும் அவரே போடட்டும் என்றாள். அவனே குனிந்து, ஒவ்வொரு நட்டிலும் மெல்லிசாக ஒரு கோடு இழுத்தான்.

அதற்குப் பிறகு வந்த காலைகளில் தகரத்துக்கு அந்தப் பக்கம் காலடி கேட்கும். எஞ்சின் வரை போகும். நிற்கும். பிறகு காலடி திரும்பி வரும். ஒரு இரும்புச் சத்தமும் கேட்காது. நிஜாமுதீனின் போன் இரண்டு தரம் வந்தது, அவன் வெளியே போய்ப் பேசினான். என்ன பேசினான் என்று தெரியவில்லை. யாரிடமும் எதையும் கேட்டுவிடுகிற நான், அதை மட்டும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

குளவி கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை. கூட்டின் மூடிய அறைகளிலெல்லாம் உருண்டையாக ஓட்டைகள். யாஹ்யா முதலில் நயினாருக்குத்தான் போன் செய்தான். ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, காய்ந்த மண்ணைத் தட்டிவிட்டு, கூண்டைக் கழுவி மாட்டினான். மறுநாள் எஞ்சினைக் காரில் ஏற்றி ஸ்டார்ட் செய்தபோது டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். தையல் மிஷின் மாதிரி ஒரே சீராக ஓடியது.

நயினார் ஓட்ட, யாஹ்யா பக்கத்தில், பின்னால் நானும் தஸ்லீமாவும். மயிலம் மலை அடிவாரம் வரை போனோம். எஞ்சின் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. யாஹ்யா முன்னால் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கவில்லை, தலையைத் திருப்பிப் பின்னால் காது கொடுத்துக்கொண்டே வந்தான். அடிவாரத்தில் வண்டி நின்றதும் இறங்கி ஓடி, படுத்து அடியில் பார்த்தான். எண்ணெய் ஒழுகவில்லை. சுடுகிறதா என்று தொட்டான். அளவாகத்தான் சுட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருக்கிறது, மூடியைக் கழற்றி ஒரு நட்டை மட்டும் பார்த்துவிடுகிறேன் என்றான். நயினார் மலையைப் பார்த்தபடி நின்றார். தஸ்லீமா குனிந்தாள்.

"கோடு உள்ள இருக்குது மச்சான். எழுந்திருங்க."

அவன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான். திரும்பி வரும்போது காரின் கதவுக் கைப்பிடியைத்தான் ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். அந்த மட்டும் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கார் போய்விட்டது. கையில் இருந்த வேலை முடிந்தது. இனி அவன் கிளம்புவதாக இருந்தால் கிளம்ப வேண்டியதுதான். நிஜாமுதீன் சொன்ன மாதமும் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் ஷெட்டின் ஷட்டர் ஏறும் சத்தத்துக்காகக் கடையில் உட்கார்ந்திருப்பேன். ஏறும். மறுநாளும் ஏறும். அவன் ஒரு வார்த்தை சொல்வதில்லை, தஸ்லீமாவும் சொல்வதில்லை.

அந்த மாதம் முடிந்து சில நாள் கழித்து, அவர்கள் கொடுத்தனுப்பியிருந்த பிரியாணிப் பாத்திரத்தைத் திருப்பித் தரப் போனேன். யாஹ்யா ஷெட்டில் இருந்தான், பர்வீன் டியூஷனில். தஸ்லீமா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே பரணைப் பார்த்தேன். நீலப் பெட்டி இருந்தது. அதன் மூடியிலிருந்து பெட்டியின் உடம்பு வரை, பூட்டுக்குப் பக்கத்தில், சிவப்பாக ஒரு கோடு. என் நகப்பூச்சு. அந்த பாட்டில் திரும்பி வரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நல்ல காரியம் செய்தாய் தஸ்லீமா, திறந்தால் உனக்குத் தெரிந்துவிடும் என்றேன். அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் எங்க போட்டேன் அக்கா. நான்தான் அந்த பாட்டிலத் தொடமாட்டேனே."

அப்புறம் வெங்காயத்தைத் தொடர்ந்து நறுக்கினாள். எனக்கு மனம் ஆறவில்லை. அவர்கள் வீட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தேன். மேலே தூசி படிந்திருந்தது. கோடு எங்கேயும் உடையவில்லை.